வண்டியின் சாதகம்

மலைநாட்டுப் பாதைகளிலே அடிக்கடி பிரயாணஞ் செய்வோர் என்றேனும் ஒருநாள் அத்தகைய வண்டியொன்றைக் கண்டிருப்பர். நீண்ட மூக்கும், தாழ்ந்த முதுகும், கம்பி கோத்த சில்லுகளும், மடக்கி வைக்கும் கித்தான் கூரையுமாக, இருவர் மாத்திரமே அமரத்தக்க பழைய ஆங்கிலேய விளையாட்டு மோட்டார் வண்டி. இளைஞர் அதனை நின்று பார்க்கின்றனர். முதியோர், 'துரைமார் காலத்து வண்டி' என்று ஒரே சொல்லிற் கூறிவிட்டு நடக்கின்றனர். அதற்கு இன்று கேட்கப்படும் விலையைச் சொன்னால் இரு சாராரும் மூக்கின்மேல் விரலை வைப்பர்.

இத்தகைய வண்டிகள் நம் மலைகளுக்கு வந்த காரணம் எளிது. இங்கிலாந்தைப் போலவே இலங்கையிலும் வண்டிகள் வீதியின் இடப்பக்கமாகச் செல்வன. ஆதலின் சுக்கான் வலப்பக்கத்தில் அமைதல் வேண்டும். கோவென்றியிலோ அபிங்டனிலோ தம் நாட்டாருக்கெனச் செய்த வண்டியைப் பெரிய மாற்றமின்றிக் கப்பலேற்றி இங்கே அனுப்பலாம். தோட்டத்துத் துரைமாரிடம் பணமும் இருந்தது. வளைந்து வளைந்தேறும் பாதையும் இருந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் 1930-களிலே தொடங்கியது. பிற்காலத்தில் ரதல்லயிலும் அவ்வாறு பந்தயம் நடந்தது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக வந்து, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்திலே டயகமவில் முடியும் பாதையைப் பார்த்தவர்க்கு, இவ்வண்டிகளைச் செய்தவன் இப்பாதையை மனத்திற் கொண்டே செய்தானோ என்று தோன்றும். (குழிகளை அவன் மனத்திற் கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.)

1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மோட்டார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த வண்டியையே பழுதுபார்த்து ஓட்டவேண்டிய நிலை ஏற்பட்டது. 1975-இல் ஸ்டேர்லிங் கம்பெனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் தாய்நாடு திரும்பினர், வண்டிகள் கைமாறின. தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர், கடைவீதி முதலாளி ஒருவர், கொழும்பு வைத்தியர் ஒருவர் என்று ஒரே வண்டி பல கைகளைக் கண்டது. உதிரிப்பாகம் கிடையாதபோது கிடைத்ததைப் பொருத்தினர். சில பழைய வண்டிகளின் வயிற்றில் ஜப்பானிய டீசல் எஞ்சின் உறுமுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். இதிற் குற்றமொன்றுமில்லை. ஓடவேண்டிய வண்டி ஓடிற்று. அதே வண்டியை இன்று, 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றது' என்று கூறி விற்க முற்படும்போதுதான் சிக்கல் பிறக்கின்றது.

பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பௌதிகம் பயின்ற டயகமத் தோட்டத்து மாணாக்கர் ஒருவர் இப்பொழுது நகரத்தில் ஒரு சிறு கராஜ் நடத்துகின்றார். அண்மையில் அவர் ஒரு சந்தேகத்தோடு வந்தார். எம்.ஜி. டீ.சி. என்னும் வண்டியொன்று அவரிடம் பழுதுபார்க்க வந்திருக்கின்றது. சட்டத்தின் முன்நுனியிற் குத்தப்பட்ட எண் துருவேறி மறைந்து கிடக்கின்றது, தகட்டையும் காணோம். உரிமையாளர் அதனை வெளிநாட்டார் ஒருவருக்கு விற்க எண்ணி, பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணையே அவ்விடத்தை அராவி மட்டமாக்கிப் புதிதாகத் தட்டித் தரும்படி கேட்கின்றார்.

"சேர், இல்லாத எண்ணைத் தட்டச் சொல்லவில்லை; புத்தகத்தில் உள்ள எண்ணைத்தான் சொல்கிறார். மறுத்தால் வேலை அப்படியே வேறு கராஜுக்குப் போய்விடும். இதில் பொய் எங்கே இருக்கிறது?" என்பது அவர் கேள்வி.

அவருடைய இரண்டு மாத வருமானம் அந்த வேலையில் அடங்கியிருந்தது. ஆதலின், 'உண்மையே பேசுக' என்று உபதேசித்து அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்லவேண்டியிருந்தது. அன்று அவரோடு பேசியவற்றையும், அதன் பொருட்டுப் படித்தவற்றையும் இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

குழந்தை பிறந்தவுடன் சாதகம் எழுதிவைப்பது போல, வண்டிக்கும் அது பிறந்த தொழிற்சாலையில் ஒரு குறிப்பு எழுதிவைத்தனர். சட்டத்தின் எண், எஞ்சினின் எண், சில கம்பெனிகளில் உடற்கூட்டின் எண், கியர்ப்பெட்டியின் எண், இவையெல்லாம் பேரேட்டில் ஏறின. வெளிப்பூச்சு என்ன நிறம், ஆசனத் தோல் என்ன நிறம், எந்நாளிற் செய்து முடிந்தது, எந்நாளில் எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது என்பனவும் ஏறின. இவ்வெண்களுட் சில இரும்பிலேயே குத்தப்பட்டன. சில தகட்டிற் பொறித்து ஆணியறையப்பட்டன. பேரேட்டில் உள்ளதும், தகட்டில் உள்ளதும், இரும்பில் உள்ளதும் ஒன்றாயிருப்பின் எண் பொருத்தம் உடைய வண்டி என்பர். நம் வீடுகளிலே பத்துப் பொருத்தம் பார்ப்பது போல இங்கே மூன்று நான்கு பொருத்தம். கலியாணப் பொருத்தத்தில் ஒன்றிரண்டு குறைந்தால் சமாதானம் சொல்லச் சாத்திரிமார் உளர். இங்கே அப்பணியைத் தரகர் ஏற்றுக்கொள்கின்றனர்.

மாணாக்கரின் கராஜுக்கு வந்த டீ.சி. வண்டியையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1945-இல், யுத்தம் ஓய்ந்த சில மாதங்களுக்குள், ஒக்ஸ்போர்டுக்கு அருகேயுள்ள அபிங்டன் என்ற சிற்றூரில் எம்.ஜி. கம்பெனியார் இதனைச் செய்யத் தொடங்கினர். 1949 வரை 10,000 வண்டிகள் வெளிவந்தன. முதல் வண்டியின் எண் ஒன்று என்று நினைப்போம், அஃது 251. காரணம் வேடிக்கையானது. அத்தொழிற்சாலையின் தொலைபேசி எண் அபிங்டன் 251. புதிய வகை வண்டிகளை அந்த எண்ணிலிருந்து எண்ணத் தொடங்குவது அவர்கள் வழக்கமாயிருந்தது. 251-இல் தொடங்கிப் பதினாயிரம் எண்ணினால் 10,250-ஐ ஒட்டி முடியவேண்டும். ஆகவே 200 என்றோ 11,000 என்றோ டீ.சி. எண் ஒன்றைக் கண்டால் அதற்கு மேல் ஆராயவேண்டிய அவசியமில்லை. இன்னொன்று: டீ.சி. வண்டிகள் அனைத்தும் வலப்பக்கச் சுக்கான் உடையவை. வீதியின் வலப்பக்கமாக ஓடும் அமெரிக்காவுக்குச் சென்ற ஏறக்குறைய 2,000 வண்டிகளும் அவ்வாறே சென்றன. அமெரிக்கர் அந்த அசௌகரியத்தோடேயே அதனை விரும்பி வாங்கினர். ஆதலின் சுக்கான் வலப்பக்கம் இருப்பது டீ.சி.யைப் பொறுத்தவரை எதற்கும் சாட்சியாகாது.

அடுத்து வந்த வண்டிகளில் நிலைமை வேறு. 1955-இல் எம்.ஜி.ஏ. வந்தபோது, எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் சேர்த்தனர். முதல் வண்டியின் எண் எச், டி, ஏ, 13, பின்னர் 10101. முதலெழுத்து எஞ்சினைக் குறிப்பது. இரண்டாவது இருவர் அமரும் உடலமைப்பைக் குறிப்பது. மூன்றாவது நிறம், ஏ எனின் கறுப்பு. அதன்பின் வரும் இலக்கமே நமக்கு வேண்டியது. 1 எனின் உள்நாட்டுக்கான வலக்கை வண்டி. 2 எனின் வெளிநாட்டுக்கான வலக்கை வண்டி. 3 எனின் இடக்கை வண்டி. 4 எனின் வட அமெரிக்காவுக்கானது. கடைசி இலக்கம் பூச்சின் வகையைச் சொல்வது.

இவ்வொரு இலக்கத்திலிருந்து எவ்வளவு சரித்திரம் பெறலாம் என்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். இலங்கைக்கென்றே கப்பலேறிய எம்.ஜி.ஏ. ஆயின் அவ்விடத்தில் 2 இருப்பது இயல்பு. 1 இருந்தால், இங்கிலாந்தில் வாங்கி ஓட்டியவர் தோட்ட உத்தியோகத்துக்கு வந்தபோது கூடவே கொணர்ந்திருக்கலாம். 3 அல்லது 4 இருந்து, சுக்கான் மட்டும் வலப்பக்கம் இருந்தால், அவ்வண்டி பிறப்பில் இடக்கை. பின்னர் எவரோ வலக்கையாக்கியிருக்கின்றார். இம்முறை 1959 வரை, முதல் எம்.ஜி.ஏ. வகை நின்றுபோகும் மட்டும் வழக்கில் இருந்தது.

வலக்கை, இடக்கை வேறுபாட்டால் பெரும் பணம் புரளும் வண்டி ஜாகுவார் ஈ-டைப். 1961-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் திகதி ஜெனீவாவில் அது வெளியிடப்பட்டது. கூட்டம் கட்டுக்கடங்காமற் போகவே, இரண்டாவது வண்டியொன்றைக் கொண்டுவரும்படி கோவென்றிக்குச் செய்தி பறந்தது. நோர்மன் டூயிஸ் என்ற சோதனைச் சாரதி இரவோடிரவாக ஓட்டிச்சென்று மறுநாட் காலை ஜெனீவாவிற் சேர்த்தார். அந்த வண்டியின் சட்ட எண் 850003. இவ்வெண்ணைப் படிக்கத் தெரிந்தவர்க்கு, அது திறந்த கூரையுடைய வலக்கை வண்டி என்பதும், அவ்வரிசையில் மூன்றாவது என்பதும் உடனே விளங்கும். ஏனெனில் வலக்கைத் திறந்த வண்டிகள் 850001 முதலாகவும், வலக்கை மூடிய வண்டிகள் 860001 முதலாகவும், இடக்கைத் திறந்தவை 875001 முதலாகவும், இடக்கை மூடியவை 885001 முதலாகவும் எண் பெற்றன.

1964 வரை வந்த முதல் வகை ஈ-டைப்பில், திறந்த வண்டிகள் 7,827. அவற்றுள் வலக்கை வண்டிகள் 942 மாத்திரமே. எஞ்சியவை பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போயின. உலர்ந்த மாநிலங்களிலே துருப்பிடியாமற் கிடந்த அவ்வண்டிகளுட் பல பிற்காலத்தில் இங்கிலாந்துக்கு மீண்டு, சுக்கான் மாற்றப்பட்டு, வலக்கை வண்டிகளாயின. மாற்றியமைத்தல் பாவமன்று, ஓட்டுபவனுக்கு அது வசதி. 875 என்று தொடங்கும் எண்ணை மறைத்து, 850 என்று தொடங்கும் தகட்டை அறைந்து விற்பதே திருட்டு. அத்தகடுகளைப் புதிதாகச் செய்து விற்போர் உளர். பழுதடைந்த தகட்டுக்கு மாற்றாகவென்றே விற்கின்றனர். வாங்குவோர் எல்லாரும் அதற்காகவே வாங்குகின்றனரா என்பதை எவர் அறிவார்?

ஆகையினால் தகட்டை மட்டும் நம்புதல் கூடாது. ஈ-டைப்பில் சட்ட எண் முன்புறச் சட்டகத்தின் மேற்குறுக்கிலே இரும்பிற் குத்தப்பட்டிருக்கும். எஞ்சின் எண் எஞ்சினின் கட்டையிலும் தலையிலும் ஆக இரண்டிடத்தில் இருக்கும். ஆர் 1001 என்பதில் தொடங்கும் அவ்வெண்ணின் இறுதியில் ஒரு கோடிட்டு 9 என்று இருந்தால், அஃது அமுக்க விகிதம் ஒன்பதுக்கு ஒன்று என்பதன் குறிப்பு. கியர்ப்பெட்டிக்கும் உடலுக்கும் தனித்தனி எண் உண்டு. நான்கையும் தேடிக் காணவேண்டும். இவற்றோடு வண்டியின் அமைப்பும் எண்ணுக்கு ஒத்திருத்தல் வேண்டும். முதலிற் செய்த ஏறக்குறைய 500 ஈ-டைப் வண்டிகளில் பொனட்டின் பூட்டு வெளிப்புறத்தே இருந்தது. ஒரு சாவிக்கோலை இட்டுத் திறக்கவேண்டும். வலக்கைத் திறந்த வண்டிகளில் அத்தகையன 90 அளவில் மாத்திரமே. 1962-இன் தொடக்கம் வரை உள்தளம் தட்டையாயிருந்தது. உயர்ந்த சாரதிகளின் கால் இடித்ததால் பின்னர் பள்ளமாக்கினர். இத்தகைய முதற்கால அடையாளங்களுக்கு மதிப்பு மிகுதி. ஆகவே பிந்திய வண்டிக்கு முந்திய பூட்டைப் பொருத்தி வயதைக் கூட்டுவோரும் உளர். உலகத்தில் வயதைக் கூட்டிச் சொல்லி மகிழ்வோர் இவர்கள் ஒருவரேயாவர்.

இதற்கும் முந்திய ஜாகுவார் எக்ஸ்.கே. 120 வண்டியில் ஒரு சோதனை பள்ளிப் பிள்ளைகளும் செய்யத்தக்கது. 1948-இல் அறிமுகமான அவ்வகையில் முதல் 240 அளவான வண்டிகளின் உடல் அலுமினியத்தாலானது. 1950 முதல் உருக்குத் தகடு. ஒரு காந்தத்தைத் துணியிற் சுற்றி மெதுவாக வைத்துப் பார்த்தால் போதும். அலுமினியத்திற் காந்தம் ஒட்டாது.

நிற்க. பேரேடுகள் இன்று எங்கே உள? ஜாகுவார் வண்டிகளின் ஏடுகள், 1983-இல் நிறுவப்பட்ட ஜாகுவார் மரபுரிமை அறக்கட்டளையின் பாதுகாப்பில் உள்ளன. எம்.ஜி.ஏ. முதலிய வண்டிகளின் ஏடுகள், இங்கிலாந்தில் வாரிக்ஷையர் பகுதியைச் சேர்ந்த கேடன் என்னுமிடத்துப் பிரித்தானிய மோட்டார் நூதனசாலையில் உள்ளன. உரிமையாளர் எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், ஏட்டில் உள்ளவற்றைப் பெயர்த்துச் சான்றிதழ் அனுப்புவர். அச்சான்றிதழுக்கு ஓர் எல்லை உண்டு. அதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். இன்ன எண்ணுடைய வண்டி இன்ன நாளில் இன்ன நிறத்தோடு அனுப்பப்பட்டது என்பதையே அது சொல்லும். நம் முன்னே நிற்கும் வண்டி அந்த வண்டிதான் என்று அது சொல்லாது, சொல்லவும் இயலாது. அதைச் சொல்லவேண்டியது இரும்பிற் குத்திய எண். அந்த ஒரே சாட்சியைத்தான் நம் மாணாக்கரிடம் அராவி எடுக்கும்படி கேட்டனர்.

இரும்பில் எண் எவ்வாறு பதிகின்றது என்பது பௌதிக மாணவர் அறியத்தக்கது. அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது மேற்பரப்பிற் பள்ளம் விழுவதோடு, பள்ளத்தின் அடியிலுள்ள உலோகமும் நெருக்கப்பட்டுத் தன் இயல்பு மாறுகின்றது. எண்ணை அராவி மறைத்தாலும் நெருக்குண்ட பகுதி கீழே எஞ்சியிருக்கும். செப்புக் குளோரைட்டும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலை அவ்விடத்திலே தடவினால், நெருக்குண்ட உலோகமும் ஏனைய உலோகமும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்பட, மறைந்த எண் நிழல்போல எழுவதுண்டு. குற்றப் புலனாய்வாளர் துப்பாக்கி, மோட்டார் ஆகியவற்றின் அழிக்கப்பட்ட எண்களை இவ்வாறே மீட்கின்றனர். அராவிய இடத்தில் மறுபடியும் அச்சை வைத்து அடித்துவிட்டாலோ, புதிய நெருக்கம் பழைய நெருக்கத்தைக் குழப்பிவிடும். உண்மையான எண்ணையே அடித்தாலும் விளைவு அதுதான். பிற்காலத்தில் அதனைச் சோதிப்பவர் காண்பது, எவரோ அராவி எவரோ அடித்த எண். அடித்தவர் உண்மையையே அடித்தார் என்பதற்கு அப்பொழுது சாட்சி யார்?

இதைக் கேட்ட மாணாக்கர், அமிலத்துக்குப் போகுமுன், இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்துப் பார்த்தார். இரவில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்தபோது எண் முழுவதும் தெரிந்தது. புத்தகத்தில் 3 என்று இருந்த ஓர் இலக்கம் இரும்பில் 8 என்று இருந்தது. எக்காலத்திலோ ஒரு லிகிதர் துருவின் மேலே பாதி எட்டைக் கண்டு மூன்று என்று எழுதியிருக்கவேண்டும். புத்தகத்திலுள்ள எண்ணை அன்று தட்டியிருந்தால், லிகிதரின் பிழை இரும்பிலே ஏறி உண்மையாகியிருக்கும். வண்டியின் மெய்யான சாதகம் பேரேட்டிலே எவரும் தேடாது கிடந்திருக்கும்.

நம் நாட்டுப் பதிவுத் தாள்களையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் வேண்டும். அவை தொழிற்சாலைச் சான்றுக்கு ஈடாகா, ஆனால் துணையாவன. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, சீ.ஈ., சீ.எல்., ஈ.எல்., ஈ.என். என்றவாறு ஒரு காலத்திற் பதிவெண் கொடுத்தனர். 1957 முதல் சிங்கள ஸ்ரீ எழுத்து அத்தகட்டில் ஏறியது. அதன்மேல் தார் பூசிய போராட்டமும் அதன் விளைவுகளும் பெரிய கதை. இங்கே அது வேண்டா. 2000-இல் மறுபடியும் ஆங்கில எழுத்துகள் வந்தன. 1949-க்கு முன் செய்த வண்டியில் ஸ்ரீ எண் இருந்தால், அது பிந்தி நாட்டுக்கு வந்ததா, அன்றி வேறொன்றின் தாளைச் சுமக்கின்றதா என்று கேட்கவேண்டும். பழைய பந்தயப் புகைப்படங்கள், காப்புறுதித் தாள்கள், கராஜ் ரசீதுகள் ஆகியனவும் சாட்சிகளே.

தாளும் தகடும் பற்றி இவ்வளவு எழுதும்போது வேறொரு நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் மூதாதையருக்கும் ஒரு தகரத் தகடு இருந்தது. மாவட்டத்துக்குரிய எழுத்தும் தோட்டத்துக்குரிய எண்ணும் அதிற் குத்தப்பட்டிருந்தன. தகட்டைக் காட்டினால் வழியில் உள்ளவர் உரிய தோட்டத்துக்கு அனுப்பிவைப்பர். வழிச்செலவு தோட்டத்துக் கணக்கிலே ஏறும். பின்பு 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தவரும் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்பதையோ காட்டவேண்டியிருந்தது. லயத்துக் காம்பிராவிலே மருத்துவச்சியின் கையிற் பிறந்த பலருக்குப் பதிவே இல்லை. பதிவு இருந்தவர்க்கும், ராமாயி என்பதை ராமையா என்று எழுதிய லிகிதரின் கைப்பிழை எதிரே நின்றது. செக்ரோலில் நாள்தோறும் பெயர் விழுந்தது. கொழுந்தின் எடை அவுன்ஸ் பிசகாமல் ஏறியது. பிறந்த நாளை எழுதத்தான் ஏடு இல்லை. 1964-இன் உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசுவதற்கு விடப்பட்டது. இங்கே எஞ்சியவர்க்கு 2003-இன் சட்டத்தாலேயே அச்சிக்கல் தீர்ந்தது. 1961-இற் பிறந்த ஒரு ஜாகுவாரின் ஆசனத் தோல் என்ன நிறம் என்பதை இன்றும் கடிதம் எழுதிக் கேட்டுப் பெறலாம். அதே ஆண்டில் டயகமத் தோட்டத்திற் பிறந்த ஒருவர் தம் பிறப்புக்குச் சாட்சி தேடி எத்தனை கந்தோர்ப் படிகளை ஏறினார் என்பதை அவரைத்தான் கேட்கவேண்டும். ஒரு தாளில் ஒரு எழுத்து மாறினால் என்னவாகும் என்பதை மலையகத்தாருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. நம் மாணாக்கருக்கும் இதனைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. அவருடைய பாட்டியார் 1970-களில் தலைமன்னாரிற் கப்பலேறியவர்.

வாசகர் ஒருவர் இங்கே நியாயமான கேள்வியொன்று கேட்கலாம். எஞ்சின் மாறி, தகடு மாறி, உடலும் மாறிய வண்டியை அதே வண்டி என்று எப்படிச் சொல்வது? இக்கேள்வி 1990-இல் இங்கிலாந்து உயர்நீதிமன்றத்திலேயே எழுந்தது. 'பழைய முதலாம் இலக்கம்' என்று பெயர் பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் வண்டி, பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929-இலும் 1930-இலும் வென்றது. பின்னர் அதற்கு வேறு எஞ்சின் பொருத்தினர். 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகிச் சாரதி கிளைவ் டன்ஃபி இறந்தார். மீண்டும் புதிதாகக் கட்டினர். அதனை ஒரு கோடி பவுணுக்கு வாங்க ஒப்புக்கொண்ட கம்பெனி, லெ மானில் வென்றபோதிருந்த பாகங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன, ஆகவே இது அந்த வண்டியன்று என்று பின்வாங்கியது. நீதிபதி ஒட்டன் வழக்கை நுணுகி ஆராய்ந்தார். ஆதியில் இருந்தபடியே உள்ள வண்டி என்று இதனைச் சொல்ல முடியாது. ஆயினும் இதன் வரலாறு இடையே அறுந்ததில்லை, அப்பெயருக்கு உரிமை கோரும் வேறொரு வண்டியும் இல்லை, ஆதலின் அப்பெயர் இதற்கே உரியது என்று விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பு நமக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. நம் கோயில் தேரில் ஓராண்டு சில்லு மாறுகின்றது. மற்றோராண்டு அச்சு மாறுகின்றது. சிற்பப் பலகைகள் ஒவ்வொன்றாக உளுத்துப் புதியன ஏறுகின்றன. வடம் பிடிக்கும் எவரும் இது வேறு தேர் என்று சொன்னதில்லை. திருப்பணிக் கணக்கு எழுதும் தருமகர்த்தாவோ எந்த ஆண்டு எந்தப் பலகை எவருடைய உபயம் என்று ஏட்டிற் குறித்துவைக்கின்றார். மோட்டார் வண்டிக்கும் அத்தகைய கணக்கொன்று எழுதப்படுமானால், மாறிய எஞ்சினும் மாறிய நிறமும் வெட்கப்படவேண்டியன அல்ல. வாங்குபவர் அறிந்தே விலை பேசுவார்.

பழைய வண்டியைக் கையிலே வைத்திருப்போரும் கராஜில் வேலை பழகும் பிள்ளைகளும் செய்யத்தக்கவை சில. அரம், எமரித் தாள், கம்பித் தூரிகை ஆகியவற்றை எண் உள்ள இடத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெயும் பருத்தித் துணியும் பொறுமையும் போதும். எண் தெரிந்ததும் மெல்லிய வெள்ளைத் தாளொன்றை அதன்மேற் பரப்பி, மிருதுவான பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். எண் தன் வடிவத்தோடும் கோணலோடும் தாளில் எழும். கோணலாக விழுந்த எண்ணைக் கண்டு போலியென்று அஞ்சவேண்டா. கையால் அடித்த அச்சு நூல் பிடித்தாற்போல விழுவதில்லை. அளவுக்கு மீறி ஒழுங்காயிருப்பதே ஐயத்துக்கு இடம். புத்தகத்துக்கும் இரும்புக்கும் வேறுபாடு கண்டால் இரும்பைத் திருத்தாதீர்கள். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுதிப் புத்தகத்தைத் திருத்தும் வழியைக் கேளுங்கள். புதிய தகடு பொருத்தவேண்டியிருப்பின், புதிய தகடு என்பதையும் பொருத்திய திகதியையும் விற்பனைத் தாளிலே எழுதுங்கள். பென்சிலாலே தேய்த்த தாளின் ஓரத்தில் நாளும் இடமும் குறித்து, தேய்த்தவரும் உரிமையாளரும் கையொப்பமிட்டு, பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். மலைநாட்டு ஈரத்திற் பூஞ்சணம் பிடியாதிருக்க ஒரு பிளாஸ்டிக் உறையும் வேண்டும்.